விசா முடியும் வரைக்கும்

சூரிச் விமான நிலையத்துக் கண்ணாடிக் கதவால் அம்மா வெளியே வந்தபோது நெற்றியில் பொட்டு இருக்கவில்லை. கவனித்தேன்தான், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. கட்டுநாயக்காவிலிருந்து டோகா, டோகாவிலிருந்து இங்கே. இடையில் எங்கேயோ முகம் கழுவியிருப்பார், ஒட்டுப்பொட்டு தண்ணீரோடு போயிருக்கும். பத்து வருடத்துக்குப் பிறகு பெற்ற தாயைக் காண்கிற நேரத்தில் நெற்றியையா பார்த்துக்கொண்டு நிற்பது? கட்டிப்பிடித்து அழுதோம். அழுது முடிய அம்மா என் கன்னத்தைத் தடவி, எலும்பும் தோலுமாய் நிற்கிறாய் என்றார். ஊரை விட்டு வரும்போது கொண்டுவந்த உடுப்பு ஒன்றுமே இப்போது எனக்குக் கொள்ளாது. தாய்மாரின் கண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

நான் இருப்பது பாசல் நகரத்தில். வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை, ஒற்றை அறை வீடு. அகதியாக வந்த எனக்கு இந்த நாடு தந்த பயணப் புத்தகத்தோடு எங்கெல்லாமோ போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது. அதனால் நான் அம்மாவிடம் போக முடியாது, அம்மாதான் என்னிடம் வரவேண்டும். இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் மூன்று மாத விசா கிடைத்தது.

எங்களுக்கு ஊர் வட்டக்கச்சி. அப்பா யோகலிங்கமும் அம்மா இராசமலரும் அங்கே வயல் செய்தவர்கள். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சனத்தோடு சனமாய் வட்டுவாகல் பாலத்தைத் தாண்டினோம். இயக்கத்துக்கு ஒரு நாள் வேலை செய்தவர்களும் வந்து பதியுங்கள், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஆமிக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அப்பா கொஞ்சக் காலம் இயக்கத்தின் உழவு இயந்திரத்தை ஓட்டியவர். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், போய்ப் பதிந்தார். பஸ்ஸில் ஏறும்போது, பின்னேரம் வந்துவிடுவேன் என்று எங்களுக்குக் கை காட்டினார். எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தப் பின்னேரம் இன்னும் வரவில்லை.

அம்மா இப்போது பகல் முழுக்கக் கிளிநொச்சியில் றோட்டோரக் கொட்டில் ஒன்றில் இருக்கிறார். காணாமல் போனவர்களைத் தேடுகிற தாய்மாரும் பெண்சாதிமாரும் இருக்கிற கொட்டில். அப்பாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, பெரிய சிவப்புப் பொட்டோடு, வெயிலென்றும் இல்லை மழையென்றும் இல்லை. தாலி முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. அப்பா இருக்கிறார் என்று சொல்ல அம்மாவிடம் மிச்சம் இருந்தது நெற்றி மட்டும்தான்.

தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் நான் ஏசித்தான் வைப்பேன். எத்தனை வருஷம் றோட்டில் குந்தப்போகிறீர்கள், காலில் நீர் கட்டிக் கிடக்கிறது, எழும்பி வீட்டுக்குப் போங்கள் என்று கத்துவேன். அம்மா கேட்டுவிட்டு, நாளைக்கு எடு பிள்ளை என்று வைத்துவிடுவார். இந்த மூன்று மாதத்தில் எப்படியாவது அம்மாவின் வாயால் "இனிக் கொட்டிலுக்குப் போகமாட்டன்" என்று சொல்லவைக்கவேண்டும் என்பதுதான் என்னுடைய திட்டம். நல்ல நல்ல இடங்களாய்க் காட்டி, நன்றாய்ச் சமைத்துக் கொடுத்து, மனம் இளகுகிற நேரம் பார்த்துக் கேட்பது என்று இருந்தேன்.

ஊர் காட்டுவதற்கு லீவும் எடுத்தேன். அப்போதுதான் ஒன்று விளங்கியது. இந்த நகரத்தில் எனக்கே ஒன்றும் தெரியாது. வேலைக்குப் போகிற ட்ராம் தெரியும், மரக்கறி மலிவாய் வாங்குகிற கடை தெரியும், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போய்ச் சும்மா இருக்க ரயில் நிலையத்து வாங்குப் பலகை ஒன்று தெரியும். மிருகக்காட்சிச்சாலைக்கு அம்மாவோடுதான் முதன்முதல் போனேன். தனியாகப் போய் யானை பார்க்க எனக்கு என்ன விசரா?

யானையைப் பார்த்து அம்மா சிரிக்கவும் இல்லை, அதிசயப்படவும் இல்லை. எங்களுடைய வயலை உழக்கின சாதி இங்கே வந்து வடிவாய்க் குளித்து முழுகி நிற்கிறதே என்று மட்டும் சொன்னார். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனேன், கண்ணாடிக்குள் இருந்த மணிக்கூடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்தேன், அது கையில் உருகி ஓடியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. காட்ட ஆள் இல்லாமல் பத்து வருஷம் பொத்தி வைத்த நகரம், ஆள் வந்தால் அதற்கு இதுதான் மரியாதையா?

சாப்பாட்டிலும் ஒரு மாதிரித்தான். நாயாற்று இறால் கருவாடு ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். எனக்குப் பொரித்துத் தந்துவிட்டுத் தான் பருப்பும் கீரையும் போட்டுச் சாப்பிட்டார். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனுஷி. வற்றாப்பளைப் பொங்கல் வருகிறதே, அம்மனுக்கு விரதமோ என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பொட்டும் இன்னும் வைக்கவில்லை. கொண்டுவர மறந்துபோனார் என்று நினைத்துத் தமிழ்க் கடையில் ஒரு மட்டை ஒட்டுப்பொட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்தார், ஒட்டவில்லை. வெள்ளைக்காரச் சனத்துக்குள் வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டேன்.

அவர் கண் விரித்துப் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். சிவப்புக் கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று இங்கே இருக்கிறது. அதன் பின்பக்கம் ஒரு மேடை. அதிலிருந்து பார்த்தால் கீழே றைன் ஆறு. அம்மா கைபிடிச் சுவரில் சாய்ந்து நின்று கனநேரம் பார்த்தார். கீழே ஒரு மரப்படகு கரைக்குக் கரை போய்வந்துகொண்டிருந்தது. அதற்கு இயந்திரம் இல்லை. மேலே கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு ஆற்றின் இழுவையிலேயே போகும். சங்குப்பிட்டியில் நாங்கள் ஏறின பாதை மாதிரி என்று அம்மா சொன்னார். ஊரில் சனத்தை அக்கரைக்கு ஏற்றுகிற மிதவைக்குப் பாதை என்றுதான் பெயர். பிறகு இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டார். கடலில்தான் என்றேன். எந்தக் கடல் என்றார். அது வேறே கடல், வடக்கே இருக்கிறது என்றேன்.

"கடல் எல்லாம் ஒண்டுதானே பிள்ளை" என்றார்.

எனக்குச் சந்தோஷமாய்ப் போய்விட்டது. அப்பாடா, ஒன்றாவது பிடித்திருக்கிறது. இளகத் தொடங்கிவிட்டார், இன்னும் இரண்டு நாளில் கொட்டில் கதையை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் அந்த இரண்டு நாளுக்குள்ளேயே ட்ராமில் ஒரு பெண் ஏறினார். எங்கள் முகத்தைக் கண்டதும் முன் கதிரையில் வந்து இருந்து தமிழில் கதைத்தார். பெயர் சுகந்தினி, ஊர் பளை, கனகாலமாய் இங்கே. அம்மாவின் நெற்றியை ஒரு தரம் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அவர் இல்லையோ அம்மா?" என்று கேட்டார். எங்கள் சனத்துக்கு இதெல்லாம் கேட்கக் கூச்சம் இல்லை. நான் வாயைத் திறக்க முதல் அம்மா பதில் சொன்னார்.

"ஓம் பிள்ளை. அவர் மோசம் போயிட்டார்."

ஊரில் சாவைச் சொல்கிற சொல் அது. அந்தப் பெண் நாக்கைத் தட்டி அனுதாபப்பட்டார். ஊரில் எவடம் என்று கேட்டார். வவுனியாப் பக்கம் என்றார் அம்மா. வட்டக்கச்சியைத் தவிர வேறே ஊரைத் தன் ஊர் என்று ஒரு நாளும் சொல்லாத மனுஷி, வவுனியா என்று கண் வெட்டாமல் சொன்னார். வயோதிபர் இல்லத்தில் எத்தனையோ பேருக்குக் கண் மூடிவிட்டிருக்கிறேன், இந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலவில்லை. அடுத்த தரிப்பில் அம்மாவின் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். அது எங்கள் தரிப்பே இல்லை.

தரிப்பிடத்து வாங்கில் இருத்திவிட்டுக் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உள்ளதைத்தானே சொன்னனான்."

"நீங்கள் ஆர் அதைச் சொல்ல?"

"நான் அவரின்ரை மனுசி. நான் சொல்லாமல் வேறை ஆர் சொல்லுறது?"

அப்போதுதான் பொட்டைப் பற்றிச் சொன்னார். தண்ணீரோடு போகவில்லையாம். கட்டுநாயக்காவில் பிளேன் எழும்பினதும் தானே துடைத்தாராம். மீன் மச்சம் சாப்பிடாததும் அம்மனுக்காக இல்லையாம், செத்தவீட்டுத் துடக்காம். நான் வாங்கிக் கொடுத்த மட்டையை நினைத்துப் பார்த்தேன். தாலியறுத்தவளுக்குப் பொட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முன்னுக்கு வந்தது. என்ன கண்டீர்கள், ஆர் வந்து சொன்னது, ஒரு எலும்புத் துண்டு கண்டீர்களா என்று கத்தினேன். ட்ராமுக்கு நின்ற சனம் திரும்பிப் பார்த்தது. அம்மா எனக்குப் பதில் சொன்னது மெதுவாகத்தான்.

"அவர் பஸ்ஸிலை ஏறேக்கை மூச்சு முட்டுக்கு அடிக்கிற பம்ப் என்ரை பைக்குள்ளை நிண்டிட்டுது. அது இல்லாமல் அந்த மனுசனாலை ஒரு இரவு படுத்தெழும்ப ஏலாது. அங்கை என்ன நடந்ததெண்டு எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாரியைத் தாண்டியிருக்கமாட்டார். அது எனக்கு அந்த வருஷமே தெரியும்."

அப்பாவின் மூச்சு எனக்கு ஞாபகம் வந்தது. மாரியில் பனி விழுந்தால் குசினிக்குள் நெருப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு விடிய விடிய இழுப்பார். அந்த நீலப் பம்ப் அம்மாவின் பையில் இருந்ததையும் நான் கண்டிருக்கிறேன். முகாமில் அதை வைத்து விளையாடிய சின்னப் பிள்ளையை அம்மா அடித்ததும் ஞாபகம் இருக்கிறது. இத்தனை வருஷமும் அதை அப்பாவின் சாமான் என்றுதான் நினைத்தேன், அதற்கு மேலே யோசிக்கவில்லை. யோசிக்கப் பயம்.

அப்படியென்றால் ஏன் இவ்வளவு காலமும் கொட்டிலில் போய் இருந்தீர்கள் என்று கேட்டேன். கொண்டுபோன ஆட்களை என்ன செய்தீர்கள் என்று அரசாங்கத்தைக் கேட்கத்தான் இருக்கிறோம், செத்தவருக்காகவும் அதைக் கேட்கத்தானே வேண்டும் என்றார். பிறகு தங்கம்மாவைப் பற்றிச் சொன்னார். தங்கம்மாக்கா அம்மாவுக்குப் பக்கத்துக் கதிரை. ஆமியிடம் மகனைக் கொடுத்துவிட்டு இருக்கிறவர். ஒவ்வொரு வருஷமும் கொட்டிலில் இரண்டு மூன்று பேர் காத்திருந்தபடியே செத்துப்போகிறார்கள்.

"காலமை வந்த உடனை என்ரை நெத்தியைத்தான் பாப்பா. பொட்டைக் கண்டால்தான் பையைக் கீழை வைப்பா. இராசமலரின்ரை மனுசன் இருந்தால் தன்ரை மகனும் இருப்பான் எண்டு அவாக்கு ஒரு கணக்கு. நான் அங்கை எப்பிடிப் பிள்ளை துடைக்கிறது?"

ஊரில் ஒரு எள்ளு இறைத்தாலும் விடிவதற்குள் கொட்டிலுக்குக் கதை போய்விடும் என்றார். இங்கே ஐயரைக் கூப்பிட்டாலும் அதே கதைதான். இங்கே தன்னை ஆருக்கும் தெரியாது, அவருக்கு ஒரு தரம் ஆறுதலாய் அழுதுவிட்டுப் போகவேண்டும், அதற்குத்தான் விசா வரும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அப்ப என்னைப் பாக்க வரேல்லை?"

"உன்னைப் பாக்கவும்தான்" என்றார் அம்மா.

அன்று வீட்டுக்கு நடந்தே போனோம். எனக்கு அம்மாவோடு கோபமா, என்னோடு கோபமா என்றே தெரியவில்லை. போதும் நிறுத்துங்கள் என்று தொலைபேசியில் கத்தியவள் நான்தானே. அம்மா ஒரு நாளும் நிறுத்தமாட்டார் என்ற தைரியத்தில் கத்தியிருக்கிறேன். அம்மா அங்கே படத்தோடு இருக்கும்வரை எனக்கு இங்கே ஒரு அப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் நிலையத்து வாங்கில் நான் சும்மா இருப்பதில்லை. தலை நரைத்த தமிழ் ஆம்பிளை ஆராவது ரயிலால் இறங்கினால் நடையைப் பார்ப்பேன். அப்பா கொஞ்சம் இடப்பக்கம் சரிந்து நடப்பார். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை, அன்று அம்மாவுக்கும் சொல்லவில்லை.

எள்ளு இறைக்க நாள் கேட்டால், அப்பா பஸ் ஏறிய நாள்தான் தனக்குத் தெரிந்த நாள் என்று அம்மா சொன்னார். அந்த நாளில் மரப்படகில் ஏறி அக்கரைக்குப் போனோம். படகுக்காரர் மணி அடித்து, தொப்பியைத் தூக்கி அம்மாவுக்கு வணக்கம் சொன்னார். அம்மா வெளிர்நிறச் சேலை கட்டியிருந்தார். மிளகாய்த்தூள் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்த, கடதாசியில் சுற்றிய எள்ளுச் சரை மடியில் இருந்தது. அக்கரையில் ஆற்றுக்குள் இறங்கக் கற்படிகள் இருக்கின்றன. நல்ல வெயில். படி முழுக்கச் சனம், பாதி உடுப்போடு படுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் பொடியன்கள் பியர் குடித்துப் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களுக்கு நடுவால் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்றார். மலைப் பனி உருகி வருகிற தண்ணீர், எலும்பைக் கடிக்கும். அம்மா அசையவில்லை. கிழக்கு எது என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. போனில் பார்த்துச் சொன்னேன்.

எள்ளையும் தண்ணீரையும் கைக்குள் ஏந்தி மூன்று தரம் விட்டார். மந்திரம் ஒன்றும் இல்லை. "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டார். அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். பிறகு வாய்விட்டு அழுதார். பொடியன்கள் பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நீயும் ஒரு கை இறை பிள்ளை என்று அம்மா எள்ளை நீட்டினார். எனக்கு ஏலாது என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நான் படியில் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றேன், என்னுடைய கால் நனையவில்லை.

அதற்குப் பிறகுதான் அம்மா என் நகரத்தைப் பார்த்தார். யானையை இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்றார், கூட்டிப்போனேன், தும்பிக்கையைப் பார்த்துச் சிரித்தார். மணிக்கூட்டுக் கடை முன்னால் நின்று விலை கேட்டார். ஐஸ்கிறீமை உருக முதல் சாப்பிட்டார். இரவில் குறட்டை விட்டு நித்திரை கொண்டார். என் அறையில் அப்பாவின் படம் ஒன்று இருந்தது, அதன் முன்னால் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்தார். அப்பாவைப் பற்றி இவ்வளவு காலமும் சொல்லாத கதை எல்லாம் சொன்னார். கலியாணத்துக்கு முதல் அப்பா சைக்கிளில் வந்து வாய்க்காலுக்குள் விழுந்த கதை சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதை எல்லாம் இருந்தவர், செய்தவர், சொன்னவர் என்றே முடிந்தது. நானும் சிரித்தேன். அவருடைய பாரம் இறங்க இறங்க எனக்கு ஏறியது. நான் பிறகு ரயில் நிலையத்து வாங்குக்குப் போகவில்லை.

விசா முடிய இரண்டு நாள் இருக்கும்போது கேட்டேன். இனியாவது கொட்டிலுக்குப் போகாமல் விடலாம்தானே என்று. அம்மா சேலை மடித்துக்கொண்டிருந்தார். "போகாமல்? தங்கம்மாக்கா பாத்துக்கொண்டிருப்பா" என்றார். நான் திட்டம் போட்டது ஒன்று, நடந்தது வேறே. அம்மா கொட்டிலை விடவில்லை, அப்பாவைத்தான் விட்டிருக்கிறார்.

விமான நிலையத்தில் பெட்டிகளைக் கொடுத்த பிறகு அம்மா கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றார். கூடப் போனேன். கண்ணாடிக்கு முன்னால் முகத்தைக் கழுவி, சேலைத் தலைப்பால் துடைத்தார். கைப்பையைத் திறந்து நான் வாங்கிக் கொடுத்த மட்டையை எடுத்தார். அதில் இருந்ததில் பெரிய பொட்டைப் பார்த்துக் கழற்றி நெற்றியில் ஒட்டினார். நேராய் இருக்கிறதா என்று என்னிடம் கேட்டார். நான் விரலால் கொஞ்சம் தள்ளி விட்டேன். கண்ணாடிக்குள் பழைய அம்மா நின்றார். தொலைபேசிப் படத்தில் தினமும் பார்த்த, காத்துக்கொண்டிருக்கிற அம்மா.

"கவனமாய் இரு பிள்ளை. நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். கண்ணாடிக் கதவுக்கு அங்கால் போய், ஒரு தரம் திரும்பிக் கை காட்டினார். பிறகு சனத்துக்குள் போய்விட்டார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். கூட வேலை செய்கிற பெண், அம்மாவுக்கு எங்கள் நகரம் பிடித்ததா என்று கேட்டாள். பிடித்தது என்றேன். எந்த இடம் கூடப் பிடித்தது என்றாள். ஆறு என்றேன். எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும் என்று சந்தோஷப்பட்டாள்.

பின்னேரம் வீட்டுக் கதவைத் திறந்தபோது அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு சுடர் இல்லாமல் நூர்ந்து கிடந்தது. எண்ணெய் பாதிக்கு மேல் இருந்தது. அந்த நேரம் கிளிநொச்சியில் இருட்டியிருக்கும். அம்மா வந்து இறங்கியதும் நேரே கொட்டிலுக்குப் போயிருப்பார். தங்கம்மாக்கா நெற்றியைப் பார்த்துவிட்டுப் பையைக் கீழே வைத்திருப்பார். அங்கே என் அப்பா இன்னும் இருக்கிறார், பின்னேரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவராய் இருக்கிறார். அந்த ஊருக்கு எனக்குப் போக ஏலாது. நான் போகக்கூடிய இடத்தில், நான் ட்ராம் ஏறுகிற இந்த நகரத்தில், அவர் செத்துப்போய்விட்டார். அதைச் சொல்லி அழ இங்கே எனக்கு ஒரு ஆளும் இல்லை. நெருப்புப்பெட்டியை எடுத்து விளக்கைக் கொளுத்தினேன்.